கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்ற ஆசிரியர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படித்துக்கொள்ளுங்கள். என்னைப் போல சாக்பீஸ் பிடித்துப் பிழைத்தவர்கள் கட்டாயம் படியுங்கள்.

1963 மே மாதம் 2ஆம் தேதி, வியாழக்கிழமை. அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் என்று ஒரு நகரம். இங்கிலாந்தில் இருப்பது வேறு பர்மிங்காம், இது இரும்பு உருக்காலைகளின் ஊர். கறுப்பின மக்கள் கேட்கும் வானொலியில் அன்று ஒரு சேதி போனது. பூங்காவில் பெரிய பார்ட்டி இருக்கிறது, பல் துலக்கும் பிரஷ்ஷை மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்கிற மாதிரி. பார்ட்டிக்கு எதற்குப் பிரஷ்? பெரியவர்கள் யாரும் யோசிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் புரிந்தது. இன்று ராத்திரி சிறையில் தங்கப் போகிறோம் என்பதுதான் அந்தச் சேதி.

பள்ளிகளில் வருகைப் பதிவேடு எடுத்து முடித்த நேரம். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போக ஆரம்பித்தார்கள். பார்க்கர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் வெளிக் கதவைப் பூட்டிவிட்டார். பிள்ளைகள் ஏறிக் குதித்துப் போனார்கள். வேறு சில வகுப்புகளில் ஆசிரியர்கள் எதுவும் பேசவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று எழுதிக்கொண்டிருந்தார்கள். மறுபடி திரும்பிப் பார்க்கும்போது பெஞ்சுகள் காலி.

இந்த ஒரு காட்சி எனக்குப் போதும். மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி நாம் எவ்வளவோ படித்திருக்கிறோம். அன்றைக்குக் கரும்பலகையைப் பார்த்தபடி நின்ற அந்த ஆசிரியர்கள் மனசில் என்ன ஓடியிருக்கும் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பிள்ளைகளின் போராட்டத்தை அவர்கள் பக்கத்திலிருந்து பார்க்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஊர் நிலவரம். பர்மிங்காமில் குடிதண்ணீர்க் குழாய் இரண்டு, கழிப்பறை இரண்டு, பள்ளிக்கூடம் இரண்டு. வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று. கடையில் கறுப்பர்கள் துணி வாங்கலாம், அதே கடையின் சாப்பாட்டு மேசையில் உட்காரக் கூடாது. வெள்ளையர் பள்ளியில் கிழிந்துபோன பாடப்புத்தகம்தான் கறுப்பர் பள்ளிக்கு வரும். முதல் பக்கத்தைத் திறந்தால் ஏற்கெனவே வேறு பிள்ளைகளின் பெயர் எழுதியிருக்கும். புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பெயர் எழுதும் அந்த ஜூன் மாதத்துச் சந்தோஷம் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிசு என்று நமக்குத் தெரியும்.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் கிங் அங்கே போராட்டத்தைத் தொடங்கினார். அவரும் கைதானார். சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம் பிற்பாடு உலகப் புகழ் பெற்றது. ஆனால் அவர் வெளியே வந்தபோது போராட்டம் படுத்துவிட்ட நிலை. சிறைக்குப் போக ஆள் இல்லை. காரணம் எளிது. கைதானால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். ஜேம்ஸ் பெவல் என்கிற இளைஞர் அப்போது ஒரு யோசனை சொன்னார். பிள்ளைகளுக்கு இழக்க வேலை இல்லை, அவர்களைக் கூப்பிடுவோம்.

கிங் தயங்கினார். ஊரில் வசதியான கறுப்பர்கள் பலர் எதிர்த்தார்கள். பெவல் விடவில்லை. ஞானஸ்நானம் பெற்றுச் சபையில் சேரும் முடிவைத் தானே எடுக்க ஒரு பிள்ளைக்கு வயது போதும் என்றால், விடுதலைக்கு நடக்கவும் அந்த வயது போதும் என்றார். இந்த வாதம் எனக்கு முழுசாகச் செரிக்கவில்லை. கடைசியில் அதுதான் ஜெயித்தது.

நடுவில் ஒரு தகவல். பெவலுக்கு அறப்போராட்டம் கற்றுக்கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். இந்த லாசன் 1950களில் நம் நாக்பூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தவர். காந்தியின் வழியை இங்கே இருந்து படித்துக்கொண்டு போய், நாஷ்வில் நகரத்தில் மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார். அடித்தால் திருப்பி அடிக்காமல் இருப்பது எப்படி, தலையை எப்படிக் காப்பது என்று பாடம் போலவே சொல்லிக்கொடுத்து, நடிக்க வைத்துப் பழக்கினார்கள். பர்மிங்காம் பிள்ளைகளுக்கும் தேவாலயத்தில் இதே பயிற்சிதான்.

மே 2 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் 16ஆவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடினார்கள். ஐம்பது ஐம்பது பேராக, இரண்டிரண்டு பேர் கைகோத்து, பாடிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒரு வரிசையைப் போலீஸ் கைது செய்வதற்குள் அடுத்த வரிசை வந்துவிடும். போலீஸ் வேன் போதாமல் பள்ளிப் பேருந்துகளையே கொண்டுவந்து ஏற்றினார்கள். ஆட்ரி ஹென்ரிக்ஸ் என்ற சிறுமிக்கு ஒன்பது வயது. நம் கணக்கில் நாலாம் வகுப்பு. நான் சிறைக்குப் போகிறேன் என்று அவள் தன் ஆசிரியையிடம் சொன்னபோது அந்த அம்மா அழுதுவிட்டாராம். ஏழு நாள் உள்ளே இருந்தாள். இன்னும் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று போலீஸ்காரர் ஒருவர் குனிந்து கேட்டதற்கு ஒரு குட்டிப் பெண், விடுதலை என்ற சொல்லை நாக்கு புரளாமல் மழலையில் சொன்னாள் என்று கிங் பின்னால் எழுதினார்.

மறுநாள் சிறையில் இடம் இல்லை. நகரத்தின் பாதுகாப்பு ஆணையர் புல் கானர் தீயணைப்பு வண்டிகளை வரவழைத்தார். மரத்துப் பட்டையை உரிக்கும் வேகத்தில் தண்ணீர். பிள்ளைகள் நடைபாதையில் உருண்டார்கள், சட்டை கிழிந்தது. நாய்களை ஏவினார்கள். அந்தப் படங்கள் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தன. ஒரு வாரத்துக்குள் கைதானவர்கள் 2,000 பேருக்கு மேல். கண்காட்சி மைதானத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள்.

அப்போதே கேள்வி எழுந்தது. ஆண்மையுள்ளவன் பிள்ளைகளை முன்னால் நிறுத்த மாட்டான் என்ற அர்த்தத்தில் மால்கம் எக்ஸ் கண்டித்தார். அரசுத் தரப்பில் ராபர்ட் கென்னடியும் பிள்ளைகளைத் தெருவுக்குக் கொண்டுவருவது ஆபத்து என்றார். இரண்டு பேரும் நேர் எதிர் துருவங்கள். இதில் மட்டும் ஒரே குரல். என்னைக் கேட்டால், அந்தப் பள்ளி எச்.எம். நாற்காலியில் நான் இருந்திருந்தால் கதவைப் பூட்டத்தான் கை போயிருக்கும். வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு நாம்தானே பொறுப்பு? ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? ஆனால் பூட்டிய கதவுக்கு உள்ளே அவர்களுக்கு என்ன பாதுகாப்பு இருந்தது என்று யோசித்தால் அங்கே நின்றுவிடுகிறேன். பிரித்துவைத்தல் என்ற அநியாயம் நடந்த இடமே அந்தப் பள்ளிதான். யாரோ பெயர் எழுதிய புத்தகம் அந்தக் கதவுக்கு உள்ளேதான் இருந்தது.

ஆசிரியர்கள் ஏன் கூட நடக்கவில்லை? கறுப்பின ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தது வெள்ளையர் நிர்வாகம். பக்கத்தில் தென் கரோலினா மாநிலத்தில், கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவருக்கு அரசு வேலை கிடையாது என்று 1956இல் சட்டமே போட்டார்கள். செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை சங்கத்திலிருந்து விலக மறுத்தார். நாற்பது வருஷ சர்வீஸ். வேலை போனது, ஓய்வூதியமும் போனது. அதைத் திரும்பத் தரச் சம்மதித்தது 1976இல்தான். நமக்கெல்லாம் 17பி மெமோ என்ற பெயரைக் கேட்டாலே தூக்கம் வராது. மாசம் ஒண்ணாம் தேதி பென்ஷன் ஒரு நாள் தள்ளினால் பேங்க் வாசலில் போய் நிற்கிறோம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஆசிரியர் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வாக்கியம் என்ன செய்யும் என்பதற்கு, பர்மிங்காமுக்குப் பன்னிரண்டு வருஷம் முந்தைய கதை ஒன்று இருக்கிறது. இடம் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபார்ம்வில் என்ற சின்ன ஊர். மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 180 பிள்ளைகளுக்குக் கட்டியது, 450 பேர் படித்தார்கள். இடம் போதாமல் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகள் போட்டிருந்தார்கள். கோழிக்கூண்டு மாதிரி இருக்கும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு வேர்க்கும், தள்ளி இருக்கும் பிள்ளை கோட்டைக் கழற்ற முடியாது.

பார்பரா ஜான்ஸ் அங்கே படித்த 16 வயதுப் பெண். ஒரு நாள் பேருந்தைத் தவறவிட்டு ரோட்டோரம் நிற்கிறாள். வெள்ளையர் பள்ளிப் பேருந்து பாதி காலியாக அவளைத் தாண்டிப் போகிறது. இதையெல்லாம் தன் இசை ஆசிரியையிடம் புலம்பினாள். கேட்டுக் கேட்டுச் சலித்த ஆசிரியை, சரி, நீயே இதற்கு ஏதாவது செய்யேன் என்று சொல்லிவிட்டார். நாமும் ஆயிரம் தடவை வகுப்பில் இப்படிச் சொல்லியிருக்கிறோம், சொன்ன அடுத்த நிமிஷம் மறந்திருக்கிறோம். பார்பரா மறக்கவில்லை. மாசக்கணக்கில் யோசித்தாள். நம்பிக்கையான சில பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்டாள்.

1951 ஏப்ரல் 23. தலைமையாசிரியருக்கு ஒரு ஃபோன் வருகிறது. உங்கள் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டில் வம்பில் மாட்டியிருக்கிறார்கள், உடனே வாருங்கள். அவர் பதறி ஓடினார். அந்த நேரத்தில் அவர் பெயரில் ஒரு துண்டுச்சீட்டு எல்லா வகுப்புக்கும் போனது, அனைவரும் மன்றத்துக்கு வரவும் என்று. போனால், திரை விலகி மேடையில் நிற்பது பார்பரா. ஆசிரியர்களைத் தயவுசெய்து வெளியே போகச் சொன்னாள். காலணியைக் கழற்றிப் பெஞ்சில் தட்டிச் சொன்னாளாம். பிறகு பிள்ளைகளிடம் பேசினாள். 450 பேரும் வெளிநடப்பு. இரண்டு வாரம் யாரும் பள்ளிக்குப் போகவில்லை. பிள்ளைகளே வக்கீல்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வந்த வக்கீல்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். புதுக் கட்டடம் கேட்டு வழக்குப் போட மாட்டோம், பிரித்துவைக்கும் முறையையே ஒழிக்கக் கேட்டால் வருகிறோம். பிள்ளைகள் பெற்றோரைச் சம்மதிக்க வைத்தார்கள்.

1954 மே 17 அன்று பள்ளிகளில் நிறவாரியாகப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அல்லவா? பிரவுன் வழக்கு என்பார்கள். ஐந்து வழக்குகளைச் சேர்த்து விசாரித்த தீர்ப்பு அது. அதில் ஒன்று ஃபார்ம்வில் வழக்கு. ஐந்தில் பிள்ளைகள் தாங்களாகத் தொடங்கியது அது ஒன்றுதான்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிய அந்தத் தலைமையாசிரியருக்கு வேலை போனது. பார்பராவுக்கு மிரட்டல் வந்ததால் வேறு மாநிலத்தில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிற்பாடு அவர் பள்ளி நூலகராகி, 1991இல் காலமானார். கொடுமை என்னவென்றால், 1959இல் நீதிமன்றம் சேர்த்துப் படிக்க வை என்று நெருக்கியபோது, அந்த மாவட்ட நிர்வாகம் எல்லா அரசுப் பள்ளிகளையும் இழுத்து மூடிவிட்டது. ஐந்து வருஷம்! வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தொடங்கிக்கொண்டார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. 1964இல் பள்ளி திறந்தபோது, இரண்டாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. கோடை விடுமுறை இரண்டு மாசம் முடிந்து வரும் பிள்ளைக்கே வாய்ப்பாடு மறந்திருக்கும். ஐந்து வருஷத்தை எந்த ஆசிரியர் எப்படி ஈடுகட்டுவார்? பலர் திரும்பி வரவே இல்லை.

பள்ளியை மூடாத ஊர்களில் வேறு மாதிரி. நியூ ஆர்லியன்ஸில் 1960 நவம்பர் 14 அன்று ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் குழந்தை வெள்ளையர் பள்ளியில் சேர்ந்தாள். நான்கு மத்திய அரசுக் காவலர்கள் துணை. வாசலில் கூட்டம் கத்துவதைப் பார்த்து ஏதோ திருவிழா என்று நினைத்தாளாம். வெள்ளையர்கள் தங்கள் பிள்ளைகளை வகுப்பிலிருந்து கூட்டிப்போய்விட்டார்கள். அவளுக்குப் பாடம் எடுக்க முன்வந்தவர் பாஸ்டன் நகரத்திலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை. வருஷம் முழுக்க ஒரு வகுப்பறை, ஒரு மாணவி, ஒரு டீச்சர். வெளியே விளையாட விட முடியாது என்று அறைக்குள்ளேயே உடற்பயிற்சி. ரூபி ஒரு நாள்கூட லீவு போடவில்லை. வருஷக் கடைசியில் அந்தக் குழந்தை பாஸ்டன்காரர்கள் மாதிரி பேச ஆரம்பித்திருந்தாள். ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்களுக்கு இது எப்படி என்று தெரியும், நாம் இழுக்கிற இழுப்பிலேயே பிள்ளைகள் ஆத்திசூடி சொல்லும். அடுத்த வருஷம் அந்த ஆசிரியைக்கு அங்கே வேலை இல்லை. ரூபியின் அப்பாவுக்கும் வேலை போனது. குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த தாத்தா பாட்டியை நிலத்தைவிட்டே கிளப்பினார்கள்.

மறுபடி பர்மிங்காமுக்கு வருகிறேன். மே 10ஆம் தேதி உடன்பாடு. சாப்பாட்டு மேசை, கழிப்பறை, குடிநீர்க் குழாயில் பிரிவினை போகும், கடைகளில் கறுப்பருக்கு வேலை கொடுப்பார்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். வயசுவந்தவர்கள் ஒரு மாசம் போராடியும் அசையாத நகரம், பிள்ளைகள் வந்த எட்டாம் நாள் இறங்கி வந்தது. உடனே கல்வி வாரியம் பழி வாங்கியது. மே 20 அன்று ஊர்வலத்தில் போன 1,081 பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கி உத்தரவு. வருஷக் கடைசி! பள்ளிப் படிப்பை முடிக்கும் நிலையில் இருந்தவர்களும் அதில் உண்டு. கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி என்ற பெண் வழக்கறிஞர் வாதாடினார். மே 22 அன்று மேல்முறையீட்டு நீதிபதி எல்பர்ட் டட்டில் அந்த உத்தரவை நிறுத்தினார். இரண்டே நாள். நம் ஊரில் ஒரு இன்கிரிமென்ட் வழக்கு எத்தனை வருஷம் நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை. பிள்ளைகள் அணிவகுத்துக் கிளம்பிய அதே 16ஆவது தெரு தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நான்கு சிறுமிகள் செத்துப்போனார்கள். ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கேரல் ராபர்ட்சன் மூவருக்கும் வயது 14. டெனிஸ் மெக்நேர் 11. இதைப் படித்தபோது எனக்குக் கை நின்றுபோனது ஒரு விவரத்தில். டெனிஸின் அம்மா பள்ளி ஆசிரியை. சிந்தியாவை வளர்த்த அப்பா ஒரு பள்ளித் தலைமையாசிரியர். சம்பளத்துக்குப் பயந்து தெருவில் இறங்காமல் இருந்தது அந்த ஊர் ஆசிரியர் கூட்டம். அப்படி ஒதுங்கி இருந்தவர்கள் வீட்டுக்குள்ளும் அது வந்துவிட்டது. குற்றவாளிகளில் ஒருவனுக்கு 1977இலும், மற்ற இருவருக்கு 2001, 2002இலும்தான் தண்டனை கிடைத்தது.

1964 ஜூலையில் பொது இடங்களில் பிரிவினையைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. ஆனாலும் ஓட்டுரிமை காகிதத்தில்தான். அலபாமாவிலேயே செல்மா என்ற ஊரில் கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதியப் போனால் எழுத்தறிவுத் தேர்வு வைப்பார்கள். பட்டம் வாங்கிய ஆசிரியர்களையே ஃபெயிலாக்கி அனுப்புவார்கள். அவர்கள் மறுநாள் வகுப்பில் போய்க் குடிமக்களின் உரிமைகள் பாடம் நடத்த வேண்டும். ஃபிரடெரிக் ரீஸ் என்பவர் அங்கே உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், ஆசிரியர் சங்கத் தலைவர். பிள்ளைகள் பல பேர் ஏற்கெனவே ஊர்வலம் போய்க் கைதாகிக்கொண்டிருந்தார்கள். அவர் சக ஆசிரியர்களிடம் ஒவ்வொருவராகப் பேசினார்.

1965 ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. பள்ளி விட்ட பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் கூடினார்கள். ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் நல்ல உடையும் தொப்பியும். இரண்டிரண்டு பேராக நீதிமன்றக் கட்டடத்துக்கு நடந்தார்கள். கல்வி அதிகாரிகள் வாசலில் நின்று, திரும்பிப் போய்விடுங்கள், வேலை என்னாகும் என்று பாருங்கள் என்றார்கள். ஷெரீப் ஜிம் கிளார்க் தடியால் தள்ளிப் படிக்கட்டிலிருந்து இறக்கினார். மறுபடி ஏறினார்கள். மறுபடி தள்ளினார். கைது செய்யவில்லை. ஊரிலிருக்கும் கறுப்பினப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாரையும் உள்ளே வைத்தால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தை யார் நடத்துவது?

அந்த ஆசிரியர்கள் சிறைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார்கள். பல பேர் கையில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. பிறகு வரிசை கலையாமல் தேவாலயத்துக்குத் திரும்பி நடந்தார்கள். உள்ளே அவர்களுடைய பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒவ்வொரு டீச்சரும் வாசலில் நுழைய நுழைய, பெயர் சொல்லிக் கத்தி, எழுந்து நின்று கை தட்டினார்கள்.